நாக்கடியில் கட்டி, நெஞ்சில் ஓட்டை: கத்தி எதற்கு முதலில்?

பாலுக்காக வாயைத் திறக்கும்போதோ வீறிட்டு அழும்போதோதான் அது கண்ணில் படுகிறது. நாக்குக்கு அடியில் ஒரு பக்கமாக, நீலம் பாய்ந்து மினுமினுக்கும் ஒரு கொப்புளம். தொட்டால் மெத்தென்று இருக்கும், வலிக்காது. வேறெந்தக் குறையும் இல்லாத குழந்தை என்றால் பல் மருத்துவர் பெற்றோரை உட்காரவைத்து, “நீர்க்கட்டிதாம்மா, சின்ன வேலை” என்று சொல்லி அனுப்பிவிடுவார். அதே குழந்தைக்கு இதயக் குறையால் உதடும் நகக்கண்ணும்கூட நீலமாக இருந்தால் அந்த வாக்கியத்தை அவர் சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது.

ஹைதராபாத்தில் இப்படிப்பட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அலையும் பெற்றோருக்கு நகரத்தின் மூன்று இடங்கள் சீக்கிரமே மனப்பாடமாகிவிடும். வாய்க்கு அஃப்சல்கஞ்சில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. பிள்ளைக்கு ரெட் ஹில்ஸில் நிலோஃபர் மருத்துவமனை. இதயத்துக்குப் பஞ்சகுட்டாவில் நிம்ஸ் மருத்துவமனை. ஓரிடத்தில் இருப்பவர் மற்ற இடத்துச் சீட்டைக் கேட்பார். “இதய டாக்டர் சரின்னு எழுதித் தரட்டும்” என்பார் பல் மருத்துவர். “எங்க பக்கம் ஆட்சேபணை இல்லை, மயக்க மருந்து டாக்டரைப் பாருங்க” என்பார் இதய மருத்துவர். மயக்க மருந்து டாக்டரைப் பெற்றோர் சந்திப்பது பெரும்பாலும் அறுவைக்கு முந்தின நாள் மாலையில்தான். என்னைக் கேட்டால், இந்தக் குழந்தையை முதலில் பார்க்க வேண்டியவரே அவர்தான்.

இந்தியாவில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கிறது. ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல் என்பது மருத்துவர்களின் கணக்கு. வாய்க்குள் பெரிதாக வளரும் பிறவி நீர்க்கட்டியோ அபூர்வம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்வது அதைவிட அபூர்வம். அதனாலேயே இதற்கென்று தனி ஓ.பி. எங்கும் கிடையாது.

இரண்டும் சேர்வது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். எப்போதும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. கருவின் 4ஆம் வாரத்திலிருந்து 8ஆம் வாரத்துக்குள் முகம், நாக்கு, அண்ணம் எல்லாம் உருவாகின்றன; இதயம் அறைகளாகப் பிரிவதும் அதே வாரங்களில்தான். நரம்பு முகட்டுச் செல்கள் என்றொரு கூட்டம் அப்போது கருவின் முதுகுப்புறத்திலிருந்து புறப்பட்டு, ஒரு பகுதி முகத்துக்கும் இன்னொரு பகுதி இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்க்கும் போய்ச் சேர்கிறது. புறப்பட்ட இடத்திலேயே கோளாறு என்றால் இரண்டு ஊரிலும் தெரியும். 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்ட குழந்தைகளுக்கு அண்ணத்திலும் இதயத்திலும் சேர்ந்தே குறை வருவது இதனால்தான். எல்லிஸ் வான் கிரெவெல்ட் என்ற நோய்க்குறியில் பிறக்கும்போதே பல், உதட்டையும் ஈறையும் பிணைக்கும் அதிகப்படித் தசைநார்கள், கையில் ஆறாவது விரல், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இதயக் குறை. சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இது கூடுதலாகத் தென்படும். தெலங்கானாவுக்கும் நமக்கும் அந்த வழக்கம் பொது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று கவலைப்படுகிற ஊர், வாயில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் பிள்ளையின் மார்பில் ஒருமுறை ஸ்டெதஸ்கோப் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எதைத் தொடவே கூடாது

பிறந்த குழந்தையின் அண்ணத்தில் நடுக்கோட்டை ஒட்டி வெள்ளையாகச் சில மணிகள் தெரியும். பிராக் நகரக் குழந்தை மருத்துவர் அலாய்ஸ் எப்ஸ்டீன் 1880இல் விவரித்தவை இவை. ஈறின் மேல் வருபவற்றுக்கு வேறு பெயர். பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இவை உண்டு. சில வாரங்களில் தானே உதிர்ந்துவிடும். ‘மாவு படிந்திருக்கிறது’ என்று துணியால் தேய்ப்பதும், நகத்தால் கீறுவதும், தேன் தடவுவதும் வேண்டாத வேலை. நீலக் குழந்தைக்கு அது ஆபத்தான வேலையும்கூட. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன். பல் முளைக்கும் இடத்தில் ஈறு நீலமாக உப்பினாலும் பதற வேண்டாம். பல் வெளியே வரும்போது அது உடைந்துவிடும்.

நாக்கடியில் உமிழ்நீர்ச் சுரப்பியின் வழி அடைபட்டு உண்டாகும் கட்டி அடுத்த வகை. பிறவியிலேயே இருக்கும் இந்தக் கட்டி மூச்சையோ பாலையோ தடுக்காத வரை சில மாதம் பொறுத்துப் பார்ப்பதே வழக்கம். சில தானாகவே வடிந்துவிடும். வாய்த்தரையின் நடுவில், மாவுபோல் அழுந்துவது டெர்மாய்டு. நாக்குக்குள்ளேயே குடல் திசு வழி தவறித் தங்கி நீர் சுரப்பதும் உண்டு. இவை தானாகப் போகாது. எல்லாவற்றிலும் மோசமானது நாக்கின் அடிவேரில், குரல்வளை மூடிக்கு முன்னால் ஒளிந்திருப்பது. வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும்.

மருத்துவர்களையே குழப்பும் இடம் ஒன்று உண்டு. குழந்தை சரியாகப் பால் குடிப்பதில்லை. இரண்டு வாய் உறிஞ்சுகிறது, விட்டுவிடுகிறது, மூச்சு வாங்குகிறது, எடை ஏறவில்லை. காரணம் கட்டியா, இதயமா? இதயம் களைத்த குழந்தைக்குப் பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், தூங்கும்போதும் மூச்சு வேகமாக ஓடும், கல்லீரல் வீங்கியிருக்கும். கட்டி தடுக்கிறது என்றால் மல்லாக்கப் போட்டதும் திணறல் கூடும். ஒருக்களித்தோ குப்புறவோ கிடத்தினால் குறையும். அம்மா கவனித்து வைத்திருக்கும் இந்த ஒரு தகவல் சில நேரம் ஸ்கேனைவிட உதவும். பிள்ளை எந்தப் பக்கம் படுத்தால் நிம்மதியாகத் தூங்குகிறது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

நாய்களை மயக்கிய ஊர்

மூச்சா, இதயமா என்ற கேள்வி ஹைதராபாத்துக்குப் புதிதல்ல. உலக மருத்துவம் இந்தக் கேள்விக்காக ஒரு காலத்தில் மூசி நதிக்கரையைத்தான் திரும்பிப் பார்த்தது.

1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தில் நியூகாசல் அருகே 15 வயதுப் பெண் ஒருத்திக்குக் கால் விரல் நகத்தை எடுக்க மயக்க மருந்தாகக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் இறந்துபோனாள். குளோரோஃபார்மில் நேர்ந்த முதல் மரணமாக ஹன்னா கிரீனரின் பெயர் பதிவாகியிருக்கிறது. அடுத்த 40 ஆண்டுகள் இரண்டு கட்சிகள் மோதிக்கொண்டன. குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்துகிறது, நாடியைப் பிடித்துக்கொண்டிரு என்றது லண்டன். மூச்சுதான் முதலில் நிற்கிறது, மூச்சைப் பார், நாடியை மற என்றது எடின்பரோ.

எடின்பரோவில் படித்த எட்வர்ட் லாரி ஹைதராபாத்தில் ரெசிடென்சி சர்ஜனாகவும் மருத்துவப் பள்ளியின் முதல்வராகவும் வந்து சேர்ந்தார். ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கானின் ஆதரவில் 1888இல் முதல் குளோரோஃபார்ம் ஆணையம் அமைத்து, நாய்களை மயக்கிப் பார்த்துத் தன் கட்சியே சரி என்று அறிவித்தார். லண்டனின் ‘லான்செட்’ இதழ் நம்ப மறுத்தது. நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்து, உங்கள் ஆளையே அனுப்பிப் பாருங்கள் என்றார். அப்படி 1889இல் வந்தவர் லாடர் பிரண்டன். இதயக் கட்சிக்காரராகக் கப்பல் ஏறியவர், நூற்றுக்கணக்கான விலங்குகளைச் சோதித்தபின் மனம் மாறி, ஆபத்து மூச்சுத்திணறலிலும் அளவு மீறலிலும்தான், இதயத்தின்மேல் நேரடியாக ஒன்றுமில்லை என்று தந்தி அடித்தார்.

அது பாதி உண்மைதான். 1911இல் குட்மன் லெவி பூனைகளை வைத்து, மயக்கம் லேசாக இருக்கும்போது குளோரோஃபார்ம் இதயத்தை நேராகவே தாக்கித் துடிதுடிக்க வைத்து நிறுத்தும் என்று காட்டினார். ஆக லண்டனும் சரி, ஹைதராபாத்தும் சரி. ஆனால் மயங்கியவரின் மூச்சிலிருந்து கண்ணை எடுக்காதே என்ற லாரியின் பாடம் இன்றுவரை நிற்கிறது. அந்தப் பாடத்தை அவரிடம் நேரில் கற்றவர்களில் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண் ஒருவர். 1885இல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1889இல் பட்டம் பெற்றார். ஆணையத்தின் சோதனைகளிலும் பங்கெடுத்தார். பின்னாளில் எடின்பரோ போய் வேதியியலும் இயற்பியலும் படித்துத் திரும்பினார். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் வேலை பார்த்த அஃப்சல்கஞ்ச் மருத்துவமனைதான் பிறகு உஸ்மானியா ஆனது. சார்மினாரையும் பிரியாணியையும் பற்றி இத்தனை எழுதும் நாம் ரூபா பாயைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

லாரி முதல் ஆணையத்தை அமைத்த அதே 1888இல், பிரான்சின் மார்சேயில் எத்தியென் லூயி ஃபாலோ என்ற மருத்துவர் நீலக் குழந்தைகளின் இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்திருப்பதை விவரித்தார். கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், வலது சுவர் தடிப்பு, பெருந்தமனி நகர்ந்திருத்தல். ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தருகிறார்களே, அது இதுதான்.

மேஜையில் என்ன நடக்கிறது

ஃபாலோ குழந்தை ஏன் சட்டென்று கருநீலமாகிறது? நுரையீரலுக்குப் போகும் குறுகிய வழி அழுகையிலும் பயத்திலும் இன்னும் சுருங்குகிறது. போக வழியில்லாத கெட்ட ரத்தம் ஓட்டை வழியாக நேரே உடம்புக்குப் பாய்கிறது. ஆக்சிஜன் இறங்க இறங்க நிலை மோசமாகும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் விளையாட்டின் நடுவே தாமாகவே குந்தி உட்கார்ந்துகொள்வார்கள். கால் ரத்தக்குழாய்கள் அழுந்தி உடம்பின் பக்கம் அழுத்தம் கூடினால், ரத்தம் மறுபடி நுரையீரல் பக்கம் திரும்பும். கைக்குழந்தையின் முழங்காலை மடக்கி மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான். ஆகவே இந்தப் பிள்ளையைப் பல் நாற்காலியில் அமுக்கிப் பிடித்து, அலற அலற ஊசி குத்தும் பேச்சுக்கே இடமில்லை.

சரி, மயக்கிவிடலாம். அங்கேதான் கட்டி குறுக்கே நிற்கிறது. மயங்கியதும் தசைகள் தளரும். நாக்கும் அதன் அடியில் இருக்கும் கட்டியும் சேர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டிய பாதையே மறைந்திருக்கும். சாதாரணக் குழந்தைக்கு அரை நிமிடத் தடுமாற்றம் பொறுக்கும். நீலக் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் கையிருப்பு முதலிலேயே குறைவு.

அதனால் இத்தகைய குழந்தைக்குத் தசையை முழுக்கச் செயலிழக்க வைக்கும் மருந்தை எடுத்த எடுப்பில் கொடுப்பதில்லை. டியூப் உள்ளே போகும்வரை பிள்ளை தன் மூச்சைத் தானே விட வேண்டும். கெட்டமின் இங்கே கைகொடுக்கும். உடம்பின் ரத்த அழுத்தத்தை இறங்க விடாது. ஆனால் எச்சிலைப் பெருக்கும், அதை அடக்க இன்னொரு மருந்து வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால் முதலில் ஊசியால் நீரை உறிஞ்சிச் சுருக்கிவிட்டு, கிடைத்த இடைவெளியில் டியூப் போடுவதும் உண்டு. மூக்கு வழியாக வளையும் கேமரா டியூப் இன்னொரு வழி. எதுவும் பலிக்காவிட்டால் கழுத்தில் துளையிடக் காது மூக்கு தொண்டை நிபுணர் கையுறையோடு அருகிலேயே நிற்க வேண்டும்.

வெளியே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத சின்னக் காரியங்கள்தான் இங்கே உயிர் காக்கின்றன. கையில் ஏற்றும் டிரிப் குழாயில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு நுரையீரல் வடிகட்டிவிடும் குமிழி, இந்தக் குழந்தைக்கு ஓட்டை வழியாக மூளைக்கே போகலாம். பட்டினி நேரமும் அப்படித்தான். தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன், மற்ற பால் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும். தண்ணீர் இன்னும் கிட்டத்தில் வரை கொடுக்கலாம். ‘ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் தராதீங்க’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு, மறுநாள் மதியம் வரை காக்கவைத்தால், ஏற்கெனவே சிவப்பணுக்கள் மிகுந்து தடித்திருக்கும் ரத்தம் இன்னும் இறுகி உறைந்துவிடலாம். இந்தக் குழந்தை அன்றைய பட்டியலில் முதல் கேஸாக இருக்க வேண்டும் என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

கட்டிக்கு அறுவை செய்யும் விதத்திலும் அடக்கம் தேவை. சுரப்பியோடு முழுவதும் எடுத்தால் திரும்ப வராது, ஆனால் நேரம் பிடிக்கும், ரத்தம் போகும். கட்டியின் மேற்பகுதியைத் திறந்து ஓரத்தை வாய்த்தோலோடு தைத்துவிட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் மறுபடி வரலாம். இதயம் சீராகாத பிள்ளைக்கு இரண்டாவதே புத்திசாலித்தனம். மறுபடி வந்தால் வரட்டும். இதயம் சரியானபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, எது முதலில்? கட்டி மூச்சையும் பாலையும் தொந்தரவு செய்யவில்லை என்றால் இதயம் முதலில். மூச்சை அடைத்தால் கட்டி முதலில், அதுவும் குறைந்தபட்ச வேலையாக. ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடலாமே என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். கிருமிகள் நிறைந்த வாயையும் திறந்த மார்பையும் ஒரே மேஜையில் சேர்க்க அறுவை மருத்துவர்கள் விரும்புவதில்லை. இதய அறுவையின்போது ரத்தம் உறையாமல் ஹெப்பாரின் கொடுப்பதால் வாயில் அறுத்த இடம் கசிந்துகொண்டே இருக்கும். தவிர, எல்லா இதயக் குறையும் ஃபாலோ அல்ல. நீலமாகாத, சிறிய ஓட்டையோடு நன்றாக வளரும் பிள்ளையை ஏறக்குறைய மற்றப் பிள்ளைகளைப் போலவே நடத்தலாம். அதற்கும் எக்கோ பார்த்துச் சொல்ல இதய மருத்துவர் வேண்டும்.

வாயிலிருந்து வால்வுக்கு

அண்ணத்து மணிகளை நகத்தால் கீறக் கூடாது என்றேன். வாயில் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விரிடன்ஸ் கிருமிகள் வாயில் இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. தோல் கிழிந்து ரத்தத்தில் கலந்தால், இதயத்தில் ரத்தம் சுழித்துப் பாயும் இடத்திலோ வைத்துத் தைத்த ஒட்டிலோ போய் ஒட்டிக்கொள்ளும். இதய உள்ளுறை அழற்சி என்பது இதுதான். பல் பிடுங்கியவுடன் ரத்தத்தில் இந்தக் கிருமிகள் இருப்பதை லண்டனில் ஓகெலும் எலியட்டும் 1935இலேயே காட்டிவிட்டார்கள்.

பல் சிகிச்சைக்கு முன் எல்லா இதயக் குழந்தைக்கும் ஆன்டிபயாட்டிக் என்ற பழைய வழக்கத்தை அமெரிக்க இதயச் சங்கம் 2007இல் சுருக்கியது. சரிசெய்யப்படாத நீல இதயம், செயற்கை வால்வு, முன்பே இந்த அழற்சி வந்தவர்கள், செயற்கை ஒட்டு வைத்து 6 மாதம் ஆகாதவர்கள், ஒட்டின் ஓரத்தில் கசிவு மிஞ்சியவர்கள், இதயமாற்று செய்து வால்வு கெட்டவர்கள் என இவ்வளவு பேருக்குத்தான். வாயின் தோலைத் துளைக்கும் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒரே ஒரு வேளை அமாக்ஸிசிலின், கிலோவுக்கு 50 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 500. ஐந்து நாள் சிரப் வேண்டியதில்லை. பால்பல் தானாக விழுந்தால் அதுவும் வேண்டாம். பிரிட்டன் 2008இல் இன்னும் ஒரு படி மேலே போய், வழக்கமாகக் கொடுக்கவே வேண்டாம் என்றது. விவாதம் ஓயவில்லை. ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்: தினமும் மெல்லும்போதும் பல் தேய்க்கும்போதும் கிருமி ரத்தத்தில் கலக்கிறது, எனவே சுத்தமான வாய்தான் பெரிய காவல். ஆண்டுக்கணக்கில் சர்க்கரைப்பாகு கலந்த மருந்து குடிக்கும் இதயக் குழந்தைக்குப் பல் சொத்தையாவது சகஜம். மருந்து கொடுத்ததும் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து வாயைத் துடைத்துவிடுங்கள் என்று சீட்டில் எழுதும் மருத்துவர்கள் குறைவு.

மாத்திரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நுரையீரலுக்கு ரத்தம் போகத் தற்காலிகக் குழாய் வைத்த குழந்தைக்கு அது அடைபடாமல் இருக்க ஆஸ்பிரின் கொடுத்திருப்பார்கள். வாயில் ரத்தம் நிற்காது என்று யாராவது அதை நிறுத்தச் சொன்னால், குழாய் வைத்த இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீயின் வரம்பைத் தெலங்கானா 2023 டிசம்பரில் 10 லட்சமாக உயர்த்தியது. குழந்தை இதய அறுவை அதில் அடக்கம். நிம்ஸில் பிரிட்டன் மருத்துவர்கள் வந்து, நிலோஃபர் மருத்துவர்களோடும் சேர்ந்து இலவச அறுவைகள் செய்திருக்கிறார்கள். ஆனால் இத்தகைய திட்டங்கள் சிகிச்சை வாரியாகத்தான் பணம் தருகின்றன. பல் மருத்துவர், இதய மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், குழந்தை மருத்துவர் நால்வரும் அரைமணி நேரம் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவதற்கு எந்தத் திட்டத்திலும் தொகுப்புக் கட்டணம் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த அரைமணி நேரம் கிடைக்காத குழந்தைதான் மூன்று மருத்துவமனைகளுக்கு நடுவே மாதக்கணக்கில் கிடக்கிறது.

கட்டி எடுத்து வீட்டுக்கு வந்தபின், முதல் இரண்டு நாள் வாய்த்தரை வீங்கும், எச்சில் ஒழுகும், ஆறவைத்த பாலும் கூழும் போதும். நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சில் சத்தம் வந்தால் அந்த இரவே திரும்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதற்கும் பிறகு வருவது. புண் ஆறி, தையல் கரைந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து, சளியும் இருமலும் இல்லாமல் மாலையானால் காய்ச்சல். பிள்ளை சோர்ந்து கிடக்கும், சாப்பாடு இறங்காது. முன்பு சொன்ன இதய உள்ளுறை அழற்சியாக இது இருக்கலாம். தெருமுனை மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கி ஊற்றினால் காய்ச்சல் இரண்டு நாள் அடங்கிவிடும், ரத்தத்தில் கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அதோடு போய்விடும். இந்தக் குழந்தைக்கு ஒரு சொட்டு ஆன்டிபயாட்டிக் உள்ளே போகும் முன் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும். ஒன்றல்ல, வேறு வேறு இடத்திலிருந்து இரண்டு மூன்று. டிஸ்சார்ஜ் தாளில் இந்த வரி இல்லையென்றால், கிளம்பும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.